பட்டா இல்லாத நிலா

2021-ஆம் ஆண்டு நாசா ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பத்து சென்ட்டுக்குக் காசோலை கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் லூனார் அவுட்போஸ்ட். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையே ஒரு டாலர்தான். அதில் பத்து சதவீதம் முன்பணம். நிலாவில் கொஞ்சம் மண்ணைச் சேகரித்து, படமெடுத்து அனுப்பி, அந்த மண்ணின் உரிமையை நாசாவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அது அங்கேயே கிடக்கும், ஆனால் கைமாறியிருக்கும்.

செய்தி வந்தபோது ஏதோ விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோனேன். பிறகு ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல், 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். மொத்தம் 17 பிரிவுகள்தான். நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரம் போதும். முடித்ததும் அந்தப் பத்து சென்ட் காசோலை மறுபடி நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். நிலா உட்பட விண்வெளியின் எந்தப் பகுதியையும், இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது அது. நம்மிடம் இதற்கு நேரான சொல் ஒன்று இருக்கிறது: புறம்போக்கு. யார் பேரிலும் பட்டா கிடையாது, எல்லோரும் புழங்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அடுத்து மனதில் வருவது ஆக்கிரமிப்புதான். எந்த ஆக்கிரமிப்பும் முதல் நாளே மாடிவீடாக எழும்புவதில்லை. முதலில் ஒரு முளைக்குச்சி, பிறகு ஒரு வேலி, கொஞ்ச காலம் கழித்து "இத்தனை வருஷமா அனுபவிச்சிட்டு வர்றோமே" என்ற வாதம். ஒரு டாலர் ஒப்பந்தத்தை நான் அந்த முளைக்குச்சியாகத்தான் பார்க்கிறேன். அதில் பணம் முக்கியமே இல்லை. நிலாவின் மண்ணை விற்கலாம், வாங்கலாம் என்று ஒரு முறை நடந்து, யாரும் தடுக்கவில்லை என்றால், அடுத்த முறை அதுவே முன்னுதாரணம். பன்னாட்டுச் சட்டத்தில் வழக்கத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

2015-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. விண்வெளி வளத்தைத் தோண்டி எடுக்கும் அமெரிக்கர் அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். 2017-இல் லக்ஸம்பர்க், 2019-இல் ஐக்கிய அரபு அமீரகம், 2021-இல் ஜப்பான் என்று அதே வழியில் மற்ற நாடுகளும் வந்தன. நிலம் உன்னுடையது இல்லை, ஆனால் நிலத்திலிருந்து எடுத்தது உன்னுடையது என்பதுதான் இவற்றின் சாரம். இதற்குச் சொல்லப்படும் நியாயம் கடல். நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனாலும் அங்கே பிடித்த மீன் பிடித்தவருக்குச் சொந்தம்தானே என்கிறார்கள்.

இந்த வாதத்தைப் பல நாள் மனதில் போட்டு உருட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. மீன் குஞ்சு பொரிக்கும். அளவோடு பிடித்தால் அடுத்த ஆண்டும் கடலில் மீன் இருக்கும். நிலாவில் இவர்கள் தேடிப்போவது பனிக்கட்டியை. அது குஞ்சு பொரிக்காது.

அந்தப் பனிக்கட்டி இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நிலாவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் தென்துருவத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே கிடையாது. தொடுவானத்தை ஒட்டியே சுற்றி வருகிறது. அங்கே ஆழமான பள்ளங்களின் அடிப்பகுதியில் வெயில் விழுவதே இல்லை. ஷாக்கிள்டன் என்று ஒரு பள்ளம், சுமார் 21 கிலோமீட்டர் அகலம். இத்தகைய பள்ளங்களில் சில, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கீற்று வெளிச்சத்தைக்கூடக் கண்டதில்லை. சில இடங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. அங்கே வந்து விழுந்த நீர் உறைந்து அப்படியே இருந்துவிட்டது. 2009 அக்டோபரில் நாசா ஒரு ராக்கெட்டின் காலிப் பகுதியைக் கபேயஸ் என்ற பள்ளத்தில் வேண்டுமென்றே மோதவிட்டு, எழும்பிய புழுதியில் நீர் இருப்பதை உறுதி செய்தது.

அதே பள்ளங்களின் விளிம்பில் நேர்மாறான இடங்கள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி நாட்கள் வெயில் படும் மேடுகள் அவை. நிலாவில் ஒரு ராத்திரி என்பது பூமிக்கணக்கில் சுமார் 14 நாள். ஆகவே சூரியத் தகடு வைக்க அந்த மேடுகளை விட்டால் நல்ல இடம் கிடையாது. மேட்டில் மின்சாரம், பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர். தண்ணீரைப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜன், ராக்கெட்டுக்கு எரிபொருள். நிலா பெரியதுதான். ஆனால் எல்லோரும் போக நினைக்கிற நிலா சில மேடுகளும் சில பள்ளங்களும் மட்டுமே. மனிதரை மறுபடி நிலாவுக்கு அனுப்ப அமெரிக்கா முன்னின்று நடத்தும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் குறியும் அங்கேதான். சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்து அறிவித்த ஆய்வு நிலையத்தின் குறியும் அங்கேதான்.

2020-இல் எட்டு நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இப்போது 50-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இந்தியா 2023 ஜூனில் சேர்ந்தது. அதில் "பாதுகாப்பு வளையம்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி ஓர் எல்லை குறித்துக்கொண்டு, அதற்குள் வருபவர் முன்கூட்டியே தகவல் சொல்லிக் கலந்து பேச வேண்டும். காரணம் நியாயமானதுதான். நிலாவில் காற்று இல்லாததால், ஒரு கலம் இறங்கும்போது கிளம்பும் மணல் தோட்டா வேகத்தில் வெகுதூரம் பாயும். பக்கத்தில் இருப்பவரின் கருவி நாசமாகும். தற்காலிக ஏற்பாடு, சொந்தம் கொண்டாடுவதில்லை என்று உடன்பாடே சொல்கிறது. ஆனாலும், வெயில் மேடே சிலதுதான் என்கிற ஓரிடத்தில், முதலில் போய் வளையம் போட்டவர் இருபது வருடம் வேலையை நிறுத்தாமல் நடத்தினால் அந்த வளையத்துக்கு என்ன பெயர் வைப்பது?

மாற்று வழியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1979-இல் நிலா ஒப்பந்தம் என்று ஒன்று எழுதப்பட்டது. நிலாவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து, அவற்றைத் தோண்டும் காலம் நெருங்கும்போது எல்லா நாடுகளும் கூடி ஒரு முறையை ஏற்படுத்த வேண்டும் என்றது. 1984-இல் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் இருபதுகூட இல்லை. நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு அதில் இல்லை. இந்தியா கையெழுத்திட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. அதே பூமியில் அண்டார்டிகாவைப் பாருங்கள். 1959-இல் நாடுகள் தங்கள் உரிமைக் கோரிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு ஆய்வுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டன. 1991-இல் கனிமம் தோண்டுவதற்கே தடை போட்டார்கள். ஒரு கண்டத்தையே தொடாமல் விட்டு வைக்க மனிதர்களால் முடிந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு ஆதங்கம்.

"கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று, இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் சொல்வார்கள். பூமியில் பசியும் நோயும் தீராதபோது விண்வெளிக்கு எதற்குச் செலவு என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நாம் வேண்டாம் என்று ஒதுங்கினால் யாரும் போகாமல் இருக்கப்போவதில்லை. போவது நடந்துகொண்டிருக்கிறது, நம்மைக் கேட்காமல்.

கேட்காமல் என்றேன். அதற்கு நான் அடிக்கடி நினைக்கும் உதாரணம் ஒன்று. 1998-இல் புறப்பட்ட லூனார் பிராஸ்பெக்டர் கலத்தில், மறைந்த விஞ்ஞானி யூஜின் ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு துளியை வைத்து நிலாவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களுக்கு நிலா புனிதமானது. அங்கே மனித சாம்பலைக் கொண்டுபோய்ப் போடுவதா என்று அவர்கள் வருந்தினார்கள். நாசா மன்னிப்புக் கேட்டது, இனி இப்படி ஏதாவது என்றால் உங்களிடம் கலந்து பேசுவோம் என்று வாக்கும் கொடுத்தது. 2024 ஜனவரியில் பெரெக்ரின் என்ற தனியார் கலம் மனித எச்சங்களைச் சுமந்துகொண்டு நிலாவுக்குக் கிளம்பியது. நவஹோ தலைவர் மறுபடி எதிர்ப்புத் தெரிவித்தார். இது தனியார் சரக்கு, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே இந்த முறை கிடைத்த பதில். எரிபொருள் கசிந்து அந்தக் கலம் நிலாவைத் தொடாமலேயே திரும்பி வந்து காற்றுமண்டலத்தில் எரிந்துபோனது. சாம்பல் போகலாமா கூடாதா என்பதில் எனக்கே தீர்மானமான கருத்து இல்லை. அன்புக்குரியவரின் கடைசி ஆசை என்றால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் வாக்குக் கொடுத்த கை ஒன்று, சரக்கு ஏற்றும் கை இன்னொன்று என்று பிரித்துவிட்டால் வாக்கு எங்கே போகும்? தனியார் செய்வதற்கும் அந்தந்த நாடே பொறுப்பு, அனுமதி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 1967 உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

நிலாவை விட்டுக் கொஞ்சம் கீழே வருகிறேன். பூமியைச் சுற்றியுள்ள பாதைகளும் பொதுவானவைதான், அவையும் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு வானத்தைப் படமெடுக்கும் பழக்கம் உண்டு. பெரிய கருவி எதுவும் இல்லை. முக்காலியில் கேமராவை வைத்து, முப்பது விநாடி திறந்து விடுவேன். கார்த்திகை மீன்கூட்டத்தைப் பல வருடங்களாக அப்படி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய படங்களில் எப்போதாவது ஒரு விமானக்கோடு இருக்கும். 2020-க்குப் பிறகு எடுத்த ஒரு படத்தில் நான்கு கோடுகள், சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில், மீன்கூட்டத்தின் மேல் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போகின்றன. கணினியில் அவற்றை அழித்துவிட முடியும். நான் அழிக்கவில்லை. இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் முதல் பெரிய தொகுதி, மொத்தம் 60, ஏறியது 2019 மே மாதத்தில். இன்று வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள்களில் பாதிக்கும் மேல் அந்த ஒரே நிறுவனத்துடையவை. தந்திக்கம்பி எட்டாத இடங்களுக்கு இணையம் போகிறது என்பது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் ராத்திரி வானத்தையும் மாற்றும் முடிவு ஒரு நாட்டின் அனுமதித் தாளில் முடிந்துவிட்டது.

இடம் பிடிக்கும் அவசரத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். அலைவரிசைக்கும் பாதைக்கும் விண்ணப்பம் போவது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு. பெரும்பாலும் முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை. 2021-இல் ருவாண்டா நாட்டின் பெயரில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான செயற்கைக்கோள்களுக்கு விண்ணப்பம் போனது. அவ்வளவும் ஏறப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1976-இல் நிலநடுக்கோட்டு நாடுகள் எட்டு, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடி, தங்கள் தலைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள, செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைப் பாதை தங்களுடையது என்று அறிவித்தன. சட்டப்படி அது செல்லவில்லை. பணக்கார நாடுகள் எல்லா இடத்தையும் பிடித்த பிறகு நாங்கள் வரும்போது என்ன மிஞ்சும் என்பதே அதற்குள் இருந்த கவலை. அந்தக் கவலைக்கு இதுவரை சரியான பதில் வரவில்லை.

குப்பை விஷயம் பலரும் எழுதியதுதான். 2007-இல் சீனாவும் 2021-இல் ரஷ்யாவும் தங்கள் பழைய செயற்கைக்கோள்களைத் தாங்களே சுட்டு நொறுக்கி ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பரப்பின. அமெரிக்காவும் இந்தியாவும்கூட இப்படிச் சுட்டுப் பார்த்த நாடுகள்தான். 2022 டிசம்பரில் இத்தகைய அழிவுச் சோதனைகள் வேண்டாம் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு கொடுத்தன. நல்ல தொடக்கம். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது வேறொன்று: விழுந்தால் யார் பொறுப்பு?

1978 ஜனவரியில் காஸ்மாஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள், உள்ளே இருந்த அணு உலையோடு, கனடாவின் வடக்குப் பனிப்பகுதியில் சிதறி விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி உறைபனியில் மாதக்கணக்கில் அலைந்தார்கள். கனடா சுமார் அறுபது லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-இல் முப்பது லட்சத்துக்குத் தீர்ந்தது. தரையில் விழுந்து சேதம் செய்தால், தவறு யாருடையது என்று பார்க்காமலேயே ஏவிய நாடு கொடுக்க வேண்டும் என்கிறது 1972-இன் பொறுப்பு உடன்படிக்கை. ஆனால் விண்வெளியிலேயே மோதினால், தவறு இன்னாருடையது என்று நிரூபிக்க வேண்டும். 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் இரிடியம் 33-ம், செத்துப்போய் மிதந்துகொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-ம் மோதி, கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் சுமார் 2,000 துண்டுகள் ஆயின. யாரும் யாரிடமும் முறைப்படி இழப்பீடு கேட்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 2021-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து பழைய பேட்டரிகள் ஏற்றிய ஒரு தட்டைக் கழற்றி விட்டார்கள். இறங்கி வரும்போது எரிந்துவிடும் என்று கணக்கு. 2024 மார்ச்சில் அதன் ஒரு துண்டு, 700 கிராம் எடை, உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை, ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. வீட்டில் அப்போது ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவின் பொருள் அமெரிக்கர் வீட்டில் விழுந்ததால் பொறுப்பு உடன்படிக்கை அந்தக் குடும்பத்துக்கு நேரடியாக உதவாது. வேறொரு நாட்டு வீட்டில் விழுந்திருந்தால் அந்த நாடு கேட்டிருக்கலாம். 80,000 டாலர் கேட்டு அவர்கள் நாசாவிடம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. கூரை ஓட்டையின் அளவு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

இனி செவ்வாய். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கான விதிமுறைகளில் ஒரு பத்தி இருந்தது. 2020-இல் பலரும் கவனித்துப் பேசினார்கள். செவ்வாய் ஒரு சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கு நடப்பவற்றின் மீது அதிகாரம் இல்லை என்பதைப் பயன்படுத்துபவர் ஒப்புக்கொள்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டுகிறோமே, அதற்குள் ஒரு கோளின் அரசியல் சட்டம். அந்த வரிக்குச் சட்டத்தில் எடை கிடையாது. 1967 உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு அதற்கு நேர் எதிர். ஆனால் எழுதியவர்களின் மனதில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

சுதந்திரம் என்ற சொல்லைச் செவ்வாய்க்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மூச்சு விடும் ஒவ்வொரு இழுப்பும் ஓர் இயந்திரம் தயாரித்தது. அந்த இயந்திரம் ஒருவருக்குச் சொந்தம். நிறுவனம் ஏற்றிச் சென்ற தொழிலாளி ஒருவர் சம்பளம் போதவில்லை என்றால், வேலை ஆபத்தானது என்றால், என்ன செய்வார்? பூமியில் வேலையை உதறிவிட்டு வெளியே நடக்கலாம். செவ்வாயில் வெளியே என்று ஓரிடம் கிடையாது. திரும்பி வரலாம் என்றாலும், இரண்டு கோள்களும் தோதாக நெருங்க 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. பூமிக்கு ஒரு புகார் அனுப்பினால் போய்ச் சேரவே கோள்களின் தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம். காற்றையும் தண்ணீரையும் சம்பளத்தையும் ஒரே கை கொடுக்கிற இடத்தில் வேலைநிறுத்தம் என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இதன் நிழல் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. 1973-74-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் 84 நாள் இருந்தார்கள். மூவருக்கும் அதுதான் முதல் பயணம். தரையிலிருந்து நிமிடக்கணக்கில் வேலை அட்டவணை போட்டுத் திணித்தார்கள். ஒரு கட்டத்தில், முடியவில்லை, எங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். அட்டவணை தளர்த்தப்பட்டது, வேலையும் நன்றாக நடந்தது. பின்னாளில் அதைக் கலகம் என்று கதை கட்டினார்கள். அந்த வீரர்களே அதை மறுத்தார்கள். நான் கவனிப்பது, மூச்சுவிட நேரம் கேட்டதற்கே கலகம் என்று பெயர் விழுந்ததை. அவர்கள் அரசு ஊழியர்கள், சில மணி நேரத்தில் பூமிக்கு இறங்கி வந்திருக்கக்கூடியவர்கள்.

விரும்பிப் போகிறவர் தன் உயிரைத் தானே பணயம் வைக்கலாம், அது அவர் உரிமை என்று ஒருவர் சொல்லலாம். பெரியவர்கள் விஷயத்தில் அதை ஓரளவு ஏற்கிறேன். நாசாவின் ஆய்வு ஊர்தியான கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய்க்குப் போகும் வழியில் கதிர்வீச்சை அளந்தது. அந்தக் கணக்குப்படி போகவர மட்டும் உடலில் ஏறும் கதிர்வீச்சு சுமார் 660 மில்லிசீவெர்ட். நாசா 2022-இல் தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்த வரம்பே 600. தெரிந்து, கையெழுத்திட்டுப் போகிறவர் போகட்டும். ஆனால் குடியேற்றம் என்று பேசுகிறார்களே, குடி என்றால் குழந்தைகள் இருக்க வேண்டுமே.

எந்தப் பாலூட்டியும் விண்வெளியில் கருவுற்று, சுமந்து, ஈன்று நமக்குக் காட்டியதில்லை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதவீதம். எடையற்ற நிலையில் எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைகிறது என்று தெரியும். இடைப்பட்ட ஈர்ப்பில் மனித உடல் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் அனுபவம் அப்போலோ வீரர்கள் நிலாவில் இருந்த நாட்கள் மட்டும்தான். அதில் நீண்டது அப்போலோ 17, சுமார் மூன்றே நாள். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் பதினெட்டு வருடத்தைத் திட்டமிடுகிறார்கள். செவ்வாயில் பிறந்து வளர்ந்த பிள்ளை பூமிக்கு வந்தால் அதன் கால்கள் அதைத் தாங்குமா? தாங்காது என்றால், அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் மழையில் நனைய முடியாது, கடலில் கால் வைக்க முடியாது. அதைக் கேட்டு யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். பெற்றோர் எப்போதுமே பிள்ளைகளைக் கேட்டுப் பெறுவதில்லைதான். ஆனால் பூமியில் எந்த மோசமான இடத்தில் பிறந்த பிள்ளைக்கும், நடந்தாவது வேறு இடம் போகலாம் என்ற ஒரு வழி பாக்கி இருக்கிறது. விலங்குகளில் பல தலைமுறை பார்த்து, பாதகமில்லை என்று தெரியும்வரை பூமிக்கு வெளியே மனிதப் பிறப்புக்குத் திட்டமிடக் கூடாது என்று நாடுகள் கூடி எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இது அவசரமா என்று கேட்பார்கள். கப்பல் கிளம்பிய பிறகு எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?

அங்கே ஏற்கெனவே யாராவது இருந்தால் என்ற கேள்வியும் உண்டு. யாராவது என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். 2017 செப்டம்பர் 15 அன்று, இருபது வருடப் பயணம் முடிந்த காசினி கலத்தைச் சனிக்கோளுக்குள் விழச்செய்து அழித்தார்கள். எரிபொருள் தீர்ந்து கட்டுப்பாடு இழந்தால் எப்போதாவது என்சிலாடஸ் என்ற துணைக்கோளில் மோதி, அங்குள்ள கடலில் பூமியின் கிருமியைச் சேர்த்துவிடக்கூடும் என்ற அச்சம். அங்கே உயிர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் இருக்கலாம் என்ற ஒரு சந்தேகத்துக்காக, ஒப்பற்ற ஒரு கருவியைத் தம் கையாலேயே எரித்தார்கள். மனிதர்கள் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று. மனிதர் கால் வைத்தால் இந்தச் சுத்தம் நிற்காது. நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான உயிர்கள் கூடவே வரும். அதனால் செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று தேடி முடிப்பதற்கு முன் அங்கே ஊர் கட்டக் கிளம்புவது, கைரேகை எடுப்பதற்குள் வீட்டைக் கழுவி விடுவது மாதிரி.

ஏவுதளத்துக்காக இடம் கொடுத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசிலில் அல்காந்தாரா ஏவுதளத்துக்காக 1980-களில் 312 குடும்பங்களைக் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு நகர்த்தினார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு நல்ல வீடும் கடலே இல்லாத ஊரும் கிடைத்தன. விண்வெளியின் எதிர்காலம் என்று பேசும்போது இந்தக் குடும்பங்கள் கணக்கில் வருவதே இல்லை.

இதற்கெல்லாம் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. வியன்னாவில் கூடும் ஐ.நா.வின் விண்வெளிக் குழுவில் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். அதன் சட்டத் துணைக்குழுவின் கீழ் விண்வெளி வளங்களுக்கான கொள்கைகளை வகுக்க ஒரு பணிக்குழு வேலை செய்கிறது. 2027 வரை அதற்குக் காலம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். அதனால் மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவைக் காரணம் காட்டித்தான் வேகமாகப் போகிறவர்கள் வேலி போடுகிறார்கள். உங்கள் நாட்டுப் பிரதிநிதி அங்கே என்ன பேசினார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நான் தேடியபோது, கையில் ராக்கெட்டே இல்லாத நாடுகள் பல எழுந்து, 1967-இன் முதல் பிரிவை எடுத்துச் சொல்வதைப் படித்தேன். பொருளாதாரத்திலும் அறிவியலிலும் எந்த நிலையில் இருந்தாலும் எல்லா நாடுகளின் நலனுக்காகவும் என்ற அந்த வரியை.

அந்த ஒரு டாலர் மண் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 2025 மார்ச் மாதம் லூனார் அவுட்போஸ்ட்டின் சிறிய ரோவரைச் சுமந்துகொண்டு அதீனா என்ற கலம் நிலாவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கியது. இறங்கும்போது ஒரு பள்ளத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டது. சூரியத் தகடுகள் வெயிலுக்குத் திரும்ப முடியவில்லை, ஒரு நாளைக்குள் மின்சாரம் தீர்ந்தது. ரோவர் கூண்டை விட்டு வெளியே வரவே இல்லை. அதன் சக்கரத்துக்குச் சில அடி கீழே அந்த மண் இருக்கிறது, இன்னும் யாருக்கும் விற்கப்படாமல்.